மாதுங்காவிலிருந்து வந்த மருமாள்

கரமனை, திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1111, கன்னி மாதம்
நவராத்திரிக்கு முந்தின வாரம்

சௌபாக்கியவதி விஜயத்துக்கு, உன் தாய்மாமனும், ஹஜூர் கச்சேரியை முப்பது வருஷம் தன் தோளில் தூக்கி நிறுத்திப் பென்ஷன் வாங்கியவனும், கரமனை அக்கிரகாரத்தின் முடிசூடா மன்னனுமாகிய சேஷன் அநேக ஆசீர்வாதம்.

இங்கே நான் சுகம். உன் மாமி சீதாலக்ஷ்மியும் சுகம். நீயும் இங்கே சுகமாக இருக்கிறாய். அங்கேயும் நீ சுகமாக இருக்கிறாயா என்று அறிய ஆவல்.

மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. பொறுமையாகப் படி.

சிங்க மாதக் கடைசியில் ஒரு காலை, தம்பானூரிலிருந்து ஒரு வில்வண்டி வந்து நம் வாசலில் நின்றது. அதிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். கடுகு வர்ணப் புடவை. ரயில் கரி முகமெல்லாம். "மாமா, நான் விஜயம். மாதுங்காவிலேருந்து வரேன். காத்து மாறினாத் தேவலைன்னு டாக்டர் சொன்னார்" என்று சொல்லி, வாசற்படியிலேயே விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். எனக்கு அழுகை வந்தது. கரமனை ஆற்றில் அன்று வெள்ளம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களே, அது என் கண்ணிலிருந்து போனதுதான். மூன்று வயதில் பார்த்த குழந்தை! உன் அம்மா போனபோது எனக்கு டைபாய்டு, வர முடியவில்லை. உன் கல்யாணத்தில் எடுத்த படத்தை அனுப்பினாய், அதில் நீ தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாய், வகிடு மட்டும் தெரிகிறது. வகிட்டை வைத்து மருமாளை அடையாளம் கண்டவன் உலகத்தில் உண்டோ?

ஆகவே அழுதேன். தெருவே கூடிற்று. "சேஷனோட பம்பாய் மருமாள் வந்திருக்கா" என்று எதிர்வீட்டு ஸ்ரீகண்டன் பாலம் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு வீட்டு மாமியும் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அத்தனை இடுப்பில் நீ ஏறியிருந்தால் உனக்கு நடக்கவே தெரிந்திருக்காது.

மறுநாள் காலை அவள் கிணற்றடியில் தலையை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் பல் தேய்க்கப் போனேன். காதைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். நீ என் மடியில் உட்கார்ந்தாய். தட்டான் வலது காதை ஒழுங்காகக் குத்தினான். இடது காதுக்கு வந்தபோது நீ அவன் மூக்கில் ஓர் உதை விட்டாய். கம்பி சறுக்கி, காது மடலின் அடியில் இறங்கிவிட்டது. இரண்டாம் தரம் மேலே குத்தினான். உன் இடது காதில் இரண்டு துளை. அன்று என் வேஷ்டியில் விழுந்த ரத்தம் குருக்ஷேத்திரத்தில்கூட விழுந்திருக்காது.

இவள் இடது காதில் ஒரே துளை. நேர்த்தியான துளை.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் மாமியிடமும்தான். அவள் ஆசாரக்காரி. ஊர் பேர் தெரியாதவள் சமையலுள்ளில் புழங்குகிறாள் என்று தெரிந்தால், வீட்டை மட்டுமில்லை, என்னையும் சாணம் போட்டு மெழுகிவிடுவாள். ஆகவே வாயை மூடிக்கொண்டு, இந்தப் பெண்ணைத் துப்பறிய ஆரம்பித்தேன். கெட்டிக்காரி. பொன்முடிக் காட்டில் நான் புலியை முறைத்துப் பார்த்தே விரட்டின கதை அவளுக்குத் தெரிகிறது. உனக்கு எழுதினபோது அந்தப் புலி எட்டு அடி. அவளிடம் போனவாரம் பன்னிரண்டு அடி என்று சொல்லிப் பார்த்தேன். "எட்டுன்னு எழுதியிருந்தேளே மாமா, அதுக்கப்பறம் வளந்துடுத்தா?" என்று கேட்டாள். அந்தக் கடிதத்தை நீ படித்துக் காட்டியிருக்க வேண்டும், அல்லது அவள் திருடியிருக்க வேண்டும். கட்டியிருக்கிற புடவையோ போன தீபாவளிக்கு நான் உனக்கு பார்சலில் அனுப்பினது.

ஆகவே விஷயம் இரண்டில் ஒன்று. நீயே அவளை அனுப்பியிருக்கிறாய். இல்லாவிட்டால் உன்னைக் கொன்று போட்டுவிட்டுப் புடவையோடு ஓடி வந்திருக்கிறாள். கொன்றிருந்தால் உடனே பதில் எழுது, போலீசில் சொல்கிறேன்.

விளையாட்டு ஒரு பக்கம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் கையிலிருக்கிற பாத்திரம் அப்படியே நின்றுவிடுகிறது. தபால்காரன் குரல் கொடுத்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். யாரோ துரத்தி வருகிறார்கள். யார், எதற்கு என்று தெரியாமல் நான் ஒருத்தியை வீட்டில் வைத்திருக்க முடியுமா? தெரிந்தாலல்லவா, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று யோசிக்கலாம்?

பதினாறு வருஷமாக வா வா என்று எழுதுகிறேன். நீ வராமல் ஆள் அனுப்பியிருக்கிறாய். திரும்பு தபாலில் பதில் வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் (அவளுக்கும்தான்) மாமா,
சேஷன்



கரமனை
நவராத்திரி ஆறாம் நாள்

சௌபாக்கியவதி விஜயத்துக்கு சேஷன் மாமா ஆசீர்வாதம்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். படித்ததும் அடுப்பில் போடு.

உன் பதில் வந்தது. இரண்டு தரம் படித்துக் கிழித்துப் போட்டேன். உங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கிற தஞ்சாவூர்க்காரர் பஞ்சாபகேசனின் தம்பி மனைவி அவள். ஒன்பது வயதில் கல்யாணம், பதினொன்றில் அந்தப் பையன் போய்விட்டான். அதிலிருந்து மச்சினர் வீட்டில் பதினோரு பேருக்குச் சமையல். இதுவரை பின்னலோடு இருந்தாள். வருகிற ஐப்பசியில் நாசிக்குக்கு அழைத்துப்போய் முடியை எடுத்து, நார்மடி கட்டி உட்கார வைப்பதென்று முடிவாயிற்று. நீ உன் புடவையைக் கட்டிவிட்டு, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு போட்டு, போரி பந்தரில் ரயில் ஏற்றிவிட்டாய். சரி.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது புலியை விடப் பெரிய பொய். நிஜத்தைச் சொல்லி அனுப்பியிருந்தால் நான் வாசலில் பூரணகும்பம் வைத்திருக்க மாட்டேனா? ஆனால் நீ எழுதியிருந்தாய்: "மாமா நல்லவர். ஆனா மாமா கிட்ட ஒரு விஷயம் சொன்னா, அது சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சேரும்போது மூணு குட்டி போட்டிருக்கும்" என்று. படித்ததும் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. உண்மைதானே.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உன் மாமியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "சீதே, ஒரு பெண் பாவம், அவளுக்கு ஒரு கஷ்டம்" என்று நான் பீடிகை போட்டுக்கொண்டிருக்கும்போதே, "தெரியும். இலையைப் போடுங்கோ" என்றாள். எனக்கு ஹஜூர் கச்சேரி இடிந்து தலைமேல் விழுந்தாற்போல் இருந்தது.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரிந்துபோயிற்றாம். மாமி குங்குமச் சிமிழை நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கையை மடியில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். சுமங்கலியாக இருக்கிறவள் நெற்றிக்கு வைத்தால், அடுத்த பொட்டு வகிட்டுக்கு, அதற்கடுத்தது திருமாங்கல்யத்துக்கு. அந்தக் கை தானே போகும், இருட்டில் சோறு வாய்க்குப் போகிற மாதிரி. இவள் கை போகவில்லை. போகக் கற்றுக்கொள்கிற வயதில் அந்தச் சிமிழை யாரும் அவளிடம் நீட்டினதில்லை.

மாமி ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, தனக்குத்தானே குங்குமம் வைத்துக்கொண்டாள். நெற்றி, வகிடு, தாலி. மெதுவாக. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து அவள் கையும் சரியாகப் போயிற்று. "ஏன் என் கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க பயந்துப்பேள்னுதான்" என்றாள். நான் இவளுக்குப் பயந்து ஒரு மாசம் வாயைக் கட்டினேன், இவள் எனக்காகக் கட்டியிருக்கிறாள். நாங்கள் முப்பது வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

இனி நேற்று நடந்தது.

நவராத்திரி ஐந்தாம் நாள். கொலுவுக்கு விளக்கேற்றுவதற்குக் கொஞ்சம் முன்பு. வாசலில் ஒருவர் நின்றார். கட்டுக்குடுமி, பஞ்சகச்சம், கையில் தன் சொந்தச் செம்பு. "சேஷன்ங்கறது?" என்றார். "நான்தான் ஆதிசேஷன். என் மேலதான் இந்தப் பூலோகம் நிக்கறது" என்றேன். சிரிக்கவில்லை. "நான் பஞ்சாபகேசன், மாதுங்கா" என்றார்.

நான் ராக்ஷசனை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மெல்லிய மனுஷர். குரலை உயர்த்தத் தெரியாதவர். கத்துகிறவனோடு நானும் கத்தி ஜயிப்பேன், மெதுவாகப் பேசுகிறவனை என்ன பண்ணுவது? கூடத்தில் உட்கார வைத்தேன். தண்ணீர் வேண்டாம் என்றார், வழியில் எங்கும் குடிப்பதில்லையாம், தானே பொங்கித்தான் சாப்பிடுகிறாராம். பிறகு சொன்னார்: "கீழ்வீட்டுக்கு வந்த கவர்ல உங்க விலாசம் பாத்தேன். அந்த விஜயத்தை எங்காத்து வாசல்ல பாத்துட்டுத்தான் ரயில் ஏறினேன். இங்கே வந்தா, உங்காத்துலயும் ஒரு விஜயம் வந்திருக்கறதா பாலத்தடியில சொன்னா. ஒரு பொண்ணு ரெண்டு எடத்துல இருக்க முடியாதே. அவளை ஒரு தரம் வரச் சொல்லுங்கோ. முகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்."

கொலுப்படிக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் அவள். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மரப்பலகையும், ஒன்பது படி பொம்மைகளும், என் வாயும்தான். அந்த வாயில் ஆயிரம் பொய் தயாராக இருந்தது, ஒன்றுகூடப் பல்லைத் தாண்டி வரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து உன் மாமியின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்கிற மாதிரி, ஆனால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி: "அவ கொல்லை ரூமில ஒதுங்கி ஒக்காந்திருக்கா. இன்னிக்குத்தான் மொத நாள். கொலு வெச்ச ஆத்துல இப்பவா இது வரணும், என்ன பண்றது? மூணு நாள் ஆம்பிளை யாரும் அந்தப் பக்கம் போகப்படாது, கேட்டேளா!"

பஞ்சாபகேசன் எழுந்துவிட்டார். நெருப்பை மிதித்தவர் மாதிரி எழுந்தார். வீட்டு விலக்கான பெண்ணின் நிழல் பட்டால் ஸ்நானம் பண்ணுகிறவர். அவளைப் பார்க்க வேண்டும் என்று இனி எப்படிச் சொல்வார்? எந்த ஆசாரத்துக்காக அவளைத் தேடி ஆயிரம் மைல் வந்தாரோ, அதுவே அவரைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிற்று. படியிறங்கும்போது, "நாலாம் நாள் காலம்பற ஸ்நானம் பண்ணினப்பறம் வரேன்" என்றார். தம்பானூரில் ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கிறார். பகல் முழுவதும் நம் தெரு முனையில் அவர் குடை தெரிகிறது.

உன் மாமி பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு அவள் தனக்கே விதித்துக்கொண்ட தண்டனையைக் கேள். சொன்ன பொய்யை அப்படியே நடத்திக் காட்டுகிறாள். அந்தப் பெண்ணை நிஜமாகவே கொல்லை அறையில் உட்கார வைத்து, தட்டைத் தள்ளிவைத்து, தொடாமல் சோறு போடுகிறாள். "இல்லாததைச் சொல்லிட்டேன். நடத்திட்டா அது இருந்ததாயிடும்" என்கிறாள். வேதாந்தம் படித்தவர்களுக்கு இது புரியாது.

நானும் சும்மா இல்லை. வித்துராவுக்கு மேலே போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் என் பழைய சிநேகிதன் ஞானசிகாமணி கணக்கனாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அவன் சம்சாரம் எலிசாள் அங்கே கூலிக்காரர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள், ஒரு கூட்டாள் தேடிக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். சாலைக் கடைத்தெருவுக்குத் தேயிலைப் பெட்டி கொண்டு வருகிற லாரி, நாலாம் நாள் விடிகாலை ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும்.

அவளை ஆற்றுக்கு எப்படிக் கொண்டு போவது, அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது, இந்த இரண்டும்தான் பாக்கி. இல்லாத பங்காளி ஒருவனைக் காசியில் சாகடித்து, வீட்டுக்குப் பத்து நாள் தீட்டு என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். அவனுக்கு ராமபத்ரன் என்று பெயர்கூட வைத்துவிட்டேன். பாவம், பிறந்த அன்றே போய்விட்டான்.

இந்தக் கடிதம் உன் கையில் வருகிறபோது எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடியாக முடிந்ததா என்று நீயும் அறிய மாட்டாய், நானும் இப்போது அறிய மாட்டேன். விளக்கேற்றும்போது அவளையும் நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
சேஷன் மாமா



கரமனை
விஜயதசமிக்கு மறுநாள்

சௌபாக்கியவதி விஜயத்துக்கு சேஷன் மாமா அநேக ஆசீர்வாதம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு. அவள் மலைமேல் இருக்கிறாள். பஞ்சாபகேசன் சுசீந்திரம் போய், அங்கிருந்து ராமேசுவரம் பார்த்து, பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். இனி நடந்ததைக் கேள். இதில் என் பராக்கிரமம் ஒன்றும் இல்லை என்பதை மனமுடைந்து ஒப்புக்கொள்கிறேன்.

நாலாம் நாள் விடியலில் நான் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் ராமபத்ரனுக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். மாமி அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு கொல்லை வழியாக ஆற்றுக்குப் போனாள். விலக்கான பெண் நாலாம் நாள் தலை முழுகப் போகிறாள், அதில் யாருக்கு என்ன சந்தேகம்? நம் தெருப் பெண்கள் குளிக்கிற துறைக்கு ஆண்பிள்ளை போவதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆகவே அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மாமி சொல்லிக் கேட்டது. அவள் சுருக்கமாகச் சொல்கிறவள். நானும் ஊதவில்லை. ஊதத் தேவைப்படவில்லை.

துறையில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்களாம். நான் சொல்லி வைத்திருந்த படகுக்காரன் தாசையன் வள்ளத்தைக் கரையோரம் கட்டிவிட்டு, முதுகைத் திருப்பி நின்றிருக்கிறான். இவள் மஞ்சள் கயிற்றோடு வள்ளத்தில் ஏறுவதை எல்லோரும் பார்க்கப் போகிறார்கள், இனி மறைத்துப் பயனில்லை என்று மாமி நாலு வார்த்தையில் நிஜத்தைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிவகாமியம்மாளைப் பார்த்தார்களாம்.

சிவகாமியம்மாள் யாரென்று உன் அம்மா சொல்லியிருப்பாள். தெருக்கோடி வீடு. சின்ன வயதில் தாலி அறுத்தவள். மொட்டைத் தலையில் முக்காடு. மடி ஆசாரம் என்றால் தெருவில் அவள் வைத்ததே சட்டம். மற்ற வீட்டு அப்பளம் அவள் நிழலுக்குப் பயந்து வெயிலில் தானே நகர்ந்துகொள்ளும். அவள் ஒரு கூச்சல் போட்டால் தெரு முனையில் இருக்கிற பஞ்சாபகேசனுக்குக் கேட்டுவிடும்.

அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னாளாம்: "நாப்பது வருஷமா இந்த மொட்டைத் தலையில விடியக்காலம் தண்ணி விட்டுண்டிருக்கேன். குளிர் இன்னும் பழகலைடி. ஏன் நிக்கறா அவ? போகச் சொல்லு." அப்புறம் நாகலக்ஷ்மியைப் பார்த்து, "நீ முங்கு. இவளுக்குப் பதிலா நீ போ" என்றாளாம்.

நாகலக்ஷ்மி நம் மூன்றாம் வீட்டுப் பெண். புருஷன் வீடு ஆலப்புழை. நவராத்திரிக்கு வந்திருக்கிறாள். அந்தப் பெண் வயதுதான், அந்த உயரம்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கூடத்தில். பஞ்சாபகேசன் செம்போடு வந்து நின்றார். நான் தொண்டையைச் செருமி, "ராமபத்ரன்" என்று ஆரம்பித்தேன். அப்போது கொல்லைக் கதவு திறந்து மாமி வந்தாள். பின்னாலேயே ஈரப் புடவையும் ஈரத்தலையுமாக ஒரு பெண். என் உயிர் போய்விட்டது. ஓடவில்லையே, திரும்பி வந்துவிட்டாளே என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். போன உயிர் திரும்பி வந்து, வந்த இடம் இதுதானா என்று விசாரித்தது.

மாமி விளக்கைத் தூண்டிவிட்டு, "விஜயம், பெரியவாளுக்கு நமஸ்காரம் பண்ணு" என்றாள். நாகலக்ஷ்மி விழுந்து எழுந்தாள். பஞ்சாபகேசன் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு சுமங்கலி நமஸ்காரம் பண்ணினால் ஆசீர்வாதம் சொல்லாமல் இருக்க முடியாது. "தீர்க்க சுமங்கலி பவ" என்று மெதுவாகச் சொன்னார். குரல் இறங்கிப் போய்விட்டது. அந்நியர் வீட்டுப் பெண் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துவிட்டோம் என்கிற வெட்கம் வேறு அவருக்கு.

"இவ எங்க கீழ்வீட்டு விஜயமும் இல்லையே?" என்றார். ஆஹா, அப்போதுதான் என் வாய்க்கு வேலை வந்தது. "அது என் மூத்த தங்கை பொண்ணு. இது ரெண்டாவது தங்கை பொண்ணு. தாதர்ல இருக்கா. எங்கம்மா பேரு விஜயம். ரெண்டு பேரும் பொண்ணுக்கு அம்மா பேரைத்தான் வெப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா. என்ன பண்ணச் சொல்றேள் ஓய்?" என்றேன். பாட்டி பெயரைப் பேத்திகளுக்கு வைக்காத வீடு நம்மிடையே உண்டா? அவர் வீட்டிலேயே மூன்று மங்களம் இருக்கிறதாம். நம்பிவிட்டார்.

அப்புறம் அவர் உட்கார்ந்தார். வீடு சுத்தமாகிவிட்டபடியால் மாமி கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார். ரயில் ஏறினது முதல் வெளியில் அவர் வாயில் பட்டது அதுதானாம். "அம்மா படுத்த படுக்கை. அவ கையால கரைச்ச கஞ்சிதான் எறங்கும். இப்ப யார் கரைச்சாலும் துப்பிடறா" என்றார். குனிந்து டம்ளரையே பார்த்தார். அவரைப் பொல்லாதவர் என்று எழுத எனக்கு ஆசை. எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அவர் அப்படி இல்லை. அந்தக் கஞ்சிக்கும் அவளுக்கும் நடுவில் அவர் கண்ணுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். மன்னித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். பாலத்தடியில் அவர் போகும்போது, தேயிலைப் பெட்டி லாரி ஒன்று தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அவர்மேல் தூசியை வாரிவிட்டுப் போயிருக்கிறது. ஓரமாக நின்று குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாராம். ஸ்ரீகண்டன் பார்த்துவிட்டு வந்து, லாரிக்காரனுக்கு மரியாதை தெரியவில்லை என்று என்னிடம் நியாயம் கேட்டார். "அக்கிரமம்" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

நான் அவளிடம் விடை சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் ஆற்றுக்குப் போகிறபோது நான் ராமபத்ரன் யோசனையில் இருந்தேன். பிறகு கொல்லைச் சுவர் வரை போய் நின்றேன், துறைக்குத்தான் நான் போகக்கூடாதே. துடுப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வழியில் நூறு திருடன், ஆற்றில் நூறு முதலை என்று எழுதலாம். துடுப்புச் சத்தம்தான் கேட்டது.

ஞானசிகாமணி நேற்று சொல்லி அனுப்பினான். எலிசாள் அவளுக்கென்று தனி அடுப்பும், புதுப் பாத்திரமும் வாங்கி வைத்திருந்தாளாம். இவள் முதல் நாளே தான் சமைத்ததை எலிசாளுக்கும் ஒரு கிண்ணம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். மழையும் அட்டையும் உண்டு. பதினோரு பேருக்குச் சமையல் இல்லை. அங்கே அவளை விஜயம் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். அவள் நிஜப் பெயரை நீ அறிவாய். எனக்கு எழுதாதே. தெரிந்தால் சொல்லிவிடுவேன் என்று இல்லை. தெரியாவிட்டால் சொல்லவே முடியாதல்லவா?

இனி உனக்குச் சில காரியம். பஞ்சாபகேசன் அங்கே வந்ததும் உன்னிடம் கேட்பார். இன்றிலிருந்து உனக்குத் தாதரில் ஒரு சித்தி பெண் இருக்கிறாள், உன் பெயர்தான். உங்களுக்குள் போக்குவரத்து அதிகம் இல்லை என்று சொல்லிவிடு. முடிந்தால் மேல்மாடிக்குப் போய் அந்த அம்மாளுக்கு ஒரு வேளை கஞ்சி கரைத்துக் கொடு. உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று உனக்கு அவள் சொல்லியிருக்கக்கூடும்.

இன்னொன்று. இதை எழுதத்தான் காலையிலிருந்து சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தெருவின் ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேஷனின் பம்பாய் மருமாள் வந்தாள், ஒரு மாசம் இருந்தாள், ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவள் முகம் அவர்களுக்குத் தெரியும். நாளைக்கு நீ வந்து விஜயம் என்று வாசலில் நின்றால், அப்போ அன்னிக்கு வந்தவ யாரு என்று ஸ்ரீகண்டன் பாலம் வரை போய்க் கேட்பார். நம் தெருவில் பாதி வீட்டுக்கு மாதுங்காவில் உறவு. இங்கே ஒருவர் தும்மினால் அங்கே நூறு ஆயுசு என்று சொல்கிறார்கள். அது மேல்மாடி ஏற எத்தனை நாள் ஆகும்?

ஆகவே நீ வராதே, அம்மா. அடுத்த லீவில் மாப்பிள்ளையோடு வருவதாக எழுதியிருந்தாய். மாமி அறையைக்கூட வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள். வரவேண்டாம். நீ வருவதற்கென்று இருந்த ஒரே வருகையை நீ அவளுக்குக் கொடுத்துவிட்டாய். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும். வெள்ளையடிக்க வந்தவனை மாமி திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை, இந்தப் பேனாதான் இன்று சரியாக எழுத மாட்டேன் என்கிறது.

உன்னையும் மாப்பிள்ளையையும் ஸ்ரீபத்மநாபன் குறைவில்லாமல் வைக்கட்டும். நீ தீர்க்க சுமங்கலியாக இரு. அவளுக்கு என்ன ஆசீர்வாதம் எழுதுவதென்று ரொம்ப நேரம் யோசித்தேன். நம் பெரியவர்கள் அவள் மாதிரிப் பெண்ணுக்கென்று ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே நானே ஒன்று பண்ணினேன், நீ அவளுக்கு எழுதுகிறபோது மாமா சொன்னதாக எழுது: தலை நிறைய முடியோடு நூறு வயது இரு, குழந்தே. அது ஒவ்வொன்றாக, தன் இஷ்டம்போல், நிதானமாக நரைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருடைய மாமா,
சேஷன்